உகாண்டாவில் கொரில்லா, சிம்பன்சி, சிங்கம்: பத்து நாள் சஃபாரியைத் திட்டமிடுவது எப்படி

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும்தான். சிங்கமும் யானையும் மட்டும் போதும் என்றால் அங்கேயே போகலாம். மலைக் கொரில்லாவையும் பார்க்க வேண்டும் என்றால் வழி வேறு. உலகில் மூன்றே நாடுகளில்தான் அவை வாழ்கின்றன: உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு. கடைசியாக நடந்த பெரிய கணக்கெடுப்புகளின்படி விருங்கா எரிமலைத் தொடரில் 604, உகாண்டாவின் பிவிண்டி காட்டிலும் அதை ஒட்டிய காங்கோவின் சரம்ப்வேயிலும் 459, ஆக மொத்தம் 1,063. உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். மிருகக்காட்சிசாலைகளில் இருப்பவை வேறு வகைக் கொரில்லாக்கள். மலைக் கொரில்லாவை அதன் காட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும்.

இந்த மூன்றில் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது உகாண்டா. மலைக் கொரில்லா, காட்டுச் சிம்பன்சி, சிங்கம், யானை, நீர்யானை, நைல் நதி எல்லாம் ஒரே சாலைச் சுற்றில் அடங்கிவிடும். ருவாண்டாவில் கொரில்லா பெர்மிட் 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர். ருவாண்டாவுக்கும் ஒரு வசதி உண்டு. கிகாலி விமான நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தில் கொரில்லாக் காட்டின் அடிவாரத்துக்குப் போய்விடலாம். கையில் நான்கே நாள், பணம் பிரச்சினை இல்லை என்பவர்கள் அங்கே போகட்டும். காங்கோவின் விருங்கா பூங்கா அழகில் எதற்கும் குறைந்ததல்ல, ஆனால் அங்கு நிலவும் ஆயுத மோதல் காரணமாக முதல் பயணத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

முதலில் பெர்மிட், பிறகுதான் மற்றதெல்லாம்

பொதுவாக நாம் விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் அறை, அப்புறம் ஊர் சுற்றல் என்று போவோம். இந்தப் பயணத்தில் அந்த வரிசை உதவாது. கொரில்லா பெர்மிட் எந்தத் தேதிக்கு, காட்டின் எந்தப் பகுதியில் கிடைக்கிறது என்பதை உறுதி செய்த பிறகே மற்ற எதையும் தொட வேண்டும்.

காரணம் எளிது. பிவிண்டி காட்டில் மனிதர்களைக் கண்டு மிரளாதபடி பழக்கப்படுத்தப்பட்ட கொரில்லாக் குடும்பங்கள் இருபதுக்குச் சற்று மேல். ஒரு குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரே ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு இருநூறு பேர் அளவுக்குத்தான் இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருவதால், அந்த மாதங்களுக்கு நான்கைந்து மாதம் முன்பே பெர்மிட் வாங்கிவிடுவது நல்லது. மழை மாதங்களில் ஒன்றிரண்டு மாதம் முன்னால் கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்கும்.

பெர்மிட்டை வழங்குவது உகாண்டா வனவிலங்கு ஆணையம். நேரடியாகவும் வாங்கலாம், பயண நிறுவனம் மூலமாகவும் வாங்கலாம். புதியவர்களுக்கு நிறுவனம் வழியாக வாங்குவதே சுலபம். இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எண்ணும் அப்படியே கொடுக்க வேண்டும். மலையேறும் நாளன்று அதே பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோகவும் வேண்டும். கட்டணங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் என்பதால், பணம் கட்டும் முன் ஆணையத்தின் நடப்புக் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காத விஷயம். பிவிண்டிக்குள் நுழைய நான்கு பகுதிகள் உண்டு: வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகா, ந்குரிங்கோ. பெர்மிட் இவற்றில் ஒரு பகுதிக்கு மட்டுமே செல்லும். வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் மலைப்பாதையில் புஹோமாவிலிருந்து ருஷாகாவுக்குப் போக மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். காலை எட்டு மணிக்குள் கூடுமிடத்தில் இருக்க வேண்டும். எனவே ருஷாகாவுக்குப் பெர்மிட் வாங்கிக்கொண்டு புஹோமாவில் அறை போட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஓட வேண்டியிருக்கும். பெர்மிட் எங்கேயோ அங்கேயே முந்தின இரவு தங்குங்கள்.

எந்தப் பகுதியைத் தேர்வது? குயீன் எலிசபெத் பூங்காவிலிருந்து இஷாஷா வழியாக வருகிறவர்களுக்குப் புஹோமா வசதி. 1993இல் பிவிண்டியில் கொரில்லாச் சுற்றுலா முதன்முதலில் தொடங்கியது அங்கேதான். கிகாலியில் இறங்கி எல்லை கடந்து வருகிறவர்களுக்கு ருஷாகாவும் ந்குரிங்கோவும் பக்கம். ருஷாகாவில் குடும்பங்கள் அதிகம் என்பதால் மற்ற இடங்களில் பெர்மிட் தீர்ந்தபோதும் அங்கே கிடைக்க வாய்ப்புண்டு. ந்குரிங்கோவில் சரிவுகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்க்கலாம்.

குடும்பத்தோடு போகிறவர்கள் வயது வரம்பைக் கவனிக்க வேண்டும். 15 வயது நிரம்பாதவர்களுக்குக் கொரில்லாவிடம் அனுமதி இல்லை. கெஞ்சியும் பயனில்லை. சிம்பன்சிக்கும் வயது வரம்பு உண்டு, முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோரில் ஒருவர் விடுதியில் தங்க வேண்டியிருக்கும், அல்லது இந்தப் பயணத்தையே சில ஆண்டுகள் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

சிம்பன்சி பெர்மிட் கிபாலே பூங்காவில் 250 டாலர். அதையும் கொரில்லா பெர்மிட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். இரண்டு தேதிகளும் கிடைத்துவிட்டால் பயணத்தின் எலும்புக்கூடு தயார்.

எப்போது போவது

உகாண்டா நிலநடுக்கோட்டின் மேல் கிடக்கும் நாடு. வெயில் காலம், குளிர் காலம் என்ற பேச்சு அங்கே இல்லை. மழை அதிகமா குறைவா என்பதுதான் கேள்வி. மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். மற்ற மாதங்கள் ஒப்பீட்டளவில் உலர்ந்தவை. பிவிண்டி மழைக்காடு என்பதால் உலர் மாதங்களிலும் ஒரு மழையை எதிர்பார்த்தே போக வேண்டும். முதல் பயணம் என்றால் ஜூன் அல்லது ஜனவரி. சேற்றில் நடப்பது சிரமமில்லை, கூட்டம் குறைவாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு நவம்பர் இறுதி நன்றாக இருக்கும்.

நாட்களை அடுக்குவது

ஏழு நாளில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் திட்டங்கள் நிறைய வரும். தூரம் குறைவாகத் தெரிந்தாலும் சாலைகள் மெதுவானவை. விமானம் இறங்கும் எண்டெபேயிலிருந்து பிவிண்டிக்கு மட்டும் எட்டு முதல் பத்து மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். நாட்களைக் குறைத்தால் விலங்குகளைப் பார்ப்பதைவிட வண்டி ஜன்னலைப் பார்ப்பதே அதிகமாகிவிடும். பத்து நாள் ஒதுக்குங்கள். முடியாது என்றால் பூங்காக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒவ்வொன்றிலும் இருக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

எண்டெபேயில் தொடங்கி அங்கேயே முடியும் ஒரு சுற்று இது.

முதல் நாள் எண்டெபேயில் இறங்கி ஓய்வு. விக்டோரியா ஏரிக்கரை ஊர், அமைதியாக இருக்கும். விமானம் காலையில் வந்துவிட்டால் மபாம்பா சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சிறு படகில் ஷூபில் பறவையைத் தேடலாம். செருப்பு போன்ற அகன்ற அலகும் ஆள் இடுப்பைத் தாண்டும் உயரமும் கொண்ட சாம்பல் நிறப் பறவை. நுரையீரல் மீனைப் பிடிக்க அசையாமல் நெடுநேரம் நிற்கும். பறவை ஆர்வலர்கள் இதற்காக மட்டுமே உகாண்டா வருகிறார்கள்.

இரண்டாம் நாள் வடக்கே மர்ச்சிசன் நீர்வீழ்ச்சிப் பூங்காவை நோக்கிப் பயணம். வழியில் ஸிவா காண்டாமிருகச் சரணாலயம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் வேட்டையாலும் உள்நாட்டுப் போராலும் உகாண்டாவின் காடுகளில் காண்டாமிருகமே இல்லாமல் போனது. 2005 முதல் ஸிவாவில் வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொண்டுவந்து வளர்த்து இனத்தைப் பெருக்கி வருகிறார்கள். காவலருடன் நடந்தே போய்ப் பார்க்கலாம். வண்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பதற்கும், காண்டாமிருகம் புல் மேயும் சத்தம் கேட்கும் தூரத்தில் தரையில் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் முழுவதும் மர்ச்சிசனில். விடியற்காலையில் நைலின் வடகரையில் வண்டிச் சவாரி: ஒட்டகச்சிவிங்கி, யானை, எருமை, அதிர்ஷ்டம் இருந்தால் சிங்கம். மதியம் பாராவிலிருந்து படகில் நீர்வீழ்ச்சியின் அடிவரை. அவ்வளவு பெரிய நைல் நதி இங்கே ஏழெட்டு மீட்டர் அகலப் பாறைப் பிளவுக்குள் நெரிந்து புகுந்து 43 மீட்டர் கீழே விழுகிறது. கீழிருந்து பார்த்ததோடு நிற்காமல் மேலே ஏறியும் பாருங்கள். காலடியில் பாறை அதிர்வதை உணரலாம்.

நான்காம் நாள் நீண்ட சாலைப் பயணம், ஹோய்மா வழியாக ஃபோர்ட் போர்ட்டல். அன்று வேறு எதுவும் வைக்க வேண்டாம். ஐந்தாம் நாள் காலை கிபாலேயில் சிம்பன்சி, மதியம் பக்கத்துக் கிராமமான பிகோடியின் சதுப்பு நிலத்தில் நடை. கிராம மக்களே நடத்தும் அந்த நடையில் சிவப்பு கோலபஸ், கறுப்பு வெள்ளை கோலபஸ், சிவப்பு வால் குரங்கு, சாம்பல் கன்ன மங்காபே என்று வரிசையாகக் குரங்குகளைப் பார்க்கலாம். கிபாலேயில் மொத்தம் 13 வகைக் குரங்கினங்கள் இருக்கின்றன. பிகோடி நடைக்குக் கட்டும் பணம் அந்த ஊரின் பள்ளிக்கும் பொதுக் காரியங்களுக்கும் போகிறது என்பதால், நேரமில்லை என்று அதை வெட்டிவிட வேண்டாம்.

ஆறாம் நாள் தெற்கே குயீன் எலிசபெத் பூங்கா, மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மதியம் கசிங்கா கால்வாயில் இரண்டு மணி நேரப் படகு. ஜார்ஜ் ஏரியையும் எட்வர்ட் ஏரியையும் இணைக்கும் இயற்கையான நீர்வழி இது. கரையெங்கும் நீர்யானை, எருமை, முதலை, தண்ணீர் குடிக்க வரும் யானைக் கூட்டம். படகில் இடப்பக்கமா வலப்பக்கமா உட்காருவது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள், எந்தக் கரையை ஒட்டிப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஏழாம் நாள் விடியலில் கசென்யி சமவெளி. உகாண்டா கோப் எனும் மான்கள் அங்கே கூட்டமாக மேயும், அவற்றைத் தேடிச் சிங்கமும் வரும். பிறகு தெற்கே இஷாஷா. இங்கே சிங்கங்கள் அத்தி மரக் கிளைகளில் ஏறிப் படுத்திருக்கும். ஆனால் எல்லா நாளும் கண்ணில் படாது. 2021இல் இங்கே ஆறு சிங்கங்கள் நஞ்சு வைக்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் நிலையில் இறந்து கிடந்தன. மரத்தில் ஒன்றையாவது பார்த்தால் அது எவ்வளவு அரிது என்பதை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் இஷாஷா சாலையில் சரக்கு லாரிகள் சேற்றில் சிக்கிப் போக்குவரத்து நின்றுவிடுவது உண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் மாற்று வழியை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்குள் புஹோமா.

எட்டாம் நாள் கொரில்லா. ஒன்பதாம் நாள் ம்புரோ ஏரிப் பூங்கா வரை வந்து, வரிக்குதிரைகளையும் ஈலண்டு எனும் பெரிய மான்களையும் பார்த்துத் தங்கல். பத்தாம் நாள் எண்டெபே.

சிம்பன்சியைக் கொரில்லாவுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சிம்பன்சிகள் மரத்துக்கு மரம் தாவி, தரையில் இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றின் பின்னால் வேகமாக நடந்து பழகிய கால்களுக்கு பிவிண்டி சரிவு கொஞ்சம் எளிதாகும். இன்னொன்று, பெர்மிட் நாளைத் திரும்பும் விமான நாளுக்கு முந்தின நாளாக ஒருபோதும் வைக்காதீர்கள். மலையிலிருந்து எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சாலைப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிறு விமானம் உண்டு. எண்டெபேயிலிருந்து கிஹிஹி ஓடுதளத்துக்குப் போனால் புஹோமா பக்கம், கிசோரோவுக்குப் போனால் ந்குரிங்கோ, ருஷாகா பக்கம். அதில் பெட்டி 15 கிலோவைத் தாண்டக் கூடாது, கெட்டியான சூட்கேஸும் ஆகாது. மடிக்கக்கூடிய துணிப்பை எடுத்துப் போங்கள்.

பணம்: ஒரு தோராயக் கணக்கு

இரண்டு பேர், தனி வண்டி, நடுத்தர விடுதி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பெர்மிட் இரண்டும் சேர்த்து 1,050 டாலர். வண்டி, ஓட்டுநர், எரிபொருள் நாளுக்கு 200 டாலர் என்று போட்டால் ஒன்பது நாளுக்கு 1,800, ஆளுக்கு 900. உணவோடு அறை இரவுக்கு ஆளுக்கு 100 முதல் 150 டாலர், ஒன்பது இரவுக்கு 900 முதல் 1,350. பூங்கா நுழைவுக் கட்டணம் நாளுக்கு 40 டாலர் அளவில், ஐந்து நாளுக்கு 200. படகு, காண்டாமிருகம், பிகோடி, அன்பளிப்பு எல்லாம் சேர்த்து ஒரு 300. ஆக, விமான டிக்கெட் நீங்கலாக ஆளுக்கு 3,350 முதல் 3,800 டாலர் வரை வரும். நான்கு பேர் சேர்ந்து போனால் வண்டிச் செலவு பாதியாகி ஆளுக்கு 450 டாலர் மிச்சமாகும். நான்கு பேருக்கு மேல் ஒரே வண்டியில் ஏறினால் ஆளுக்கொரு ஜன்னல் கிடைக்காது.

நுழைவுக் கட்டணம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். முந்தின நாள் மதியம் நுழைந்து, மறுநாள் மதியத்துக்குள் வெளியேறினால் ஒரே கட்டணத்தில் ஒரு மாலையும் ஒரு விடியலும் கிடைக்கும். விலங்குகள் நடமாடும் நேரமும் அவைதான்.

பணம் குறைக்க வேண்டும் என்றால் விடுதியில் குறையுங்கள். பெர்மிட் வாங்கியவர் எங்கே தங்கினாலும் காட்டில் பார்ப்பது ஒரே கொரில்லாவைத்தான். பூங்காக்களுக்கு அருகே வெந்நீரும் சுத்தமான படுக்கையும் தரும் எளிய விடுதிகள் இருக்கின்றன. ஓட்டுநரில் மட்டும் குறைக்காதீர்கள். பத்து நாளும் உங்கள் உயிரும், எந்தப் புதரில் எது படுத்திருக்கிறது என்ற அறிவும் அவர் கையில்தான்.

டாலர் நோட்டுகள் புதிதாக, கிழியாமல், எழுத்து இல்லாமல் இருக்க வேண்டும். பழைய அச்சு நோட்டுகளை வாங்க மறுப்பார்கள், அல்லது குறைந்த விலைக்கு எடுப்பார்கள். சில்லறைச் செலவுக்கு உகாண்டா ஷில்லிங்கை எண்டெபேயிலோ கம்பாலாவிலோ மாற்றிக்கொள்ளுங்கள். காட்டோரத்தில் ஏடிஎம்மை நம்ப முடியாது.

நிறுவனத்தைத் தேர்வது

மூன்று நான்கு நிறுவனங்களிடம் ஒரே திட்டத்தைக் கொடுத்து விலை கேளுங்கள். உகாண்டா சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். விலையில் எவை அடங்கும், எவை அடங்காது என்று எழுத்தில் வாங்குங்கள்: பெர்மிட்டுகள், நுழைவுக் கட்டணம், படகு, குடிநீர், ஓட்டுநரின் தங்கல். முன்பணம் கட்டியதும், உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தேதியும் பகுதியும் உள்ள வனவிலங்கு ஆணையத்தின் பெர்மிட் ரசீதைக் கேளுங்கள். அதை அனுப்பத் தயங்குகிற நிறுவனத்துக்கு மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். மேலே திறக்கும் கூரையுள்ள நான்கு சக்கர இயக்க வண்டி என்று குறிப்பிட்டே கேளுங்கள்.

உகாண்டாவில் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். அதனால் சிலர் தாங்களே ஓட்டிப் போக ஆசைப்படுவார்கள். முதல் பயணத்தில் வேண்டாம் என்பது என் கருத்து.

விசா, ஊசி, மாத்திரை

உகாண்டா விசா இணையத்தில் விண்ணப்பிப்பது, ஒருமுறை நுழைவுக்கு 50 டாலர். கென்யா, ருவாண்டாவும் சேர்த்துப் போகிறவர்கள் 100 டாலருக்குக் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா வாங்கலாம், 90 நாள் செல்லும். முதலில் எந்த நாட்டில் நுழைகிறீர்களோ அந்த நாட்டிடம் அதை விண்ணப்பிக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். இதை மஞ்சள் காமாலை என்று நினைத்துக்கொண்டு ஹெபடைடிஸ் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும், அதன்பின் வாழ்நாள் முழுக்கச் செல்லும். இடம் கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால் ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்பும்போதும் தேவை. இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

மலேரியா அங்கே உண்மையான ஆபத்து. தடுப்பு மாத்திரைகளில் சில பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பும், சில இரண்டு மூன்று வாரம் முன்பும் தொடங்க வேண்டியவை. உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீண்ட கைச் சட்டை, கொசு விரட்டி, வலை இவை அதோடு சேர்ந்தவை. ஏரியில் குளிக்க ஆசை வரும், இறங்காதீர்கள். நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா எனும் ஒட்டுண்ணி விக்டோரியா ஏரியில் உண்டு.

பாதுகாப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் குயீன் எலிசபெத் பூங்காவுக்குள் இரண்டு சுற்றுலாப் பயணிகளும் அவர்களது வழிகாட்டியும் ஆயுதக் குழுவினரால் கொல்லப்பட்டார்கள். 2022 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் எபோலா தலைகாட்டி, பிறகு கட்டுப்படுத்தப்பட்டது. டிக்கெட் எடுக்கும் முன்பும் கிளம்பும் வாரத்திலும் அரசுகளின் பயண அறிவுரைகளைப் படியுங்கள். இருட்டிய பின் சாலையில் இருக்காதபடி நாட்களை அமையுங்கள். அவசர மருத்துவ விமானச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள்.

பெட்டியில் என்ன

மலையேறக் கணுக்காலை மூடும் பிடிமானமான காலணி, முன்பே நடந்து பழகியது. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சஃபாரி எறும்புகள் உள்ளே ஏறிவிடும். பிவிண்டியில் தொட்டால் சுரீரென்று அரிக்கும் செடிகள் வழியெங்கும் உண்டு. தோட்ட வேலைக்கான தடித்த கையுறை ஒரு ஜோடி போதும், உள்ளங்கை தப்பிக்கும். மழைச்சட்டை, முகக்கவசம், இரண்டு லிட்டர் தண்ணீர். காட்டின் உயரம் 2,600 மீட்டர் வரை போகும், காலையில் நன்றாகக் குளிரும்.

கருநீலமும் கறுப்பும் தவிருங்கள். செட்சே ஈக்களை அந்த நிறங்கள் இழுக்கும், மர்ச்சிசனில் அவை அதிகம். ராணுவ உடை போன்ற புள்ளி உடையும் வேண்டாம். சார்ஜர்களுக்கு மூன்று செவ்வக முனைகள் உள்ள பிரிட்டிஷ் வகை அடாப்டர் தேவை. அனுமதி இல்லாமல் ட்ரோன் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல். கேமராவைப் பொறுத்தவரை, கொரில்லாக் காடு இருட்டானது, ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. நீளமான லென்ஸைவிட வெளிச்சத்தை அதிகம் வாங்கும் 70-200 லென்ஸ் அங்கே உதவும். சிங்கத்துக்கும் பறவைக்கும் 100-400.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். வேகவைத்து மசித்த வாழைக்காயான மத்தோக்கே, பீன்ஸ், நிலக்கடலைக் குழம்பு, சப்பாத்தி எங்கும் கிடைக்கும். முட்டையும் சாப்பிடமாட்டோம் என்றால் விடுதிக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். மலையேறும் நாளுக்கான கட்டுச்சாதமும் அதே விடுதிதான் கட்டித் தரும்.

கொரில்லா நாள்

காலை கூடுமிடத்தில் ரேஞ்சர்கள் விதிகளைச் சொல்லிக் குழுக்களைப் பிரிப்பார்கள். நடக்கச் சிரமம் உள்ளவர்கள் அப்போதே சொல்லிவிட வேண்டும், அருகிலுள்ள குடும்பத்துக்கு அனுப்பப் பார்ப்பார்கள். தேடுநர்கள் அதற்கு முன்பே, கொரில்லாக்கள் முந்தின இரவு தூங்கிய இடத்திலிருந்து தடம் பிடித்துப் போயிருப்பார்கள். அதனால்தான் பார்க்காமல் திரும்புவது மிக அரிது. ஆனால் ஒரு மணி நேரத்திலும் சேரலாம், ஐந்தாறு மணி நேரமும் ஆகலாம். அறவே நடக்க முடியாதவர்களைத் தூக்குக் கட்டிலில் சுமந்து செல்லவும் ஆட்கள் உண்டு. முன்பே சொல்லி வைக்க வேண்டும், செலவும் அதிகம்.

ஒரு போர்ட்டரை அமர்த்திக்கொள்ளுங்கள். சுமார் 20 டாலர். பை கனமில்லை என்றாலும் அமர்த்துங்கள். சேறான சரிவில் அவர் நீட்டும் கை இல்லாமல் பலரால் ஏற முடியாது, அந்தச் சம்பளம் காட்டோரக் கிராமத்துக்கு நேராகப் போகும். கொரில்லாக்கள் உயிரோடு இருப்பதால் அந்த மக்களுக்கு வருமானம் வரும்வரைதான் கண்ணி வைப்பது குறையும். 1991இல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அதற்குள் வாழ்ந்த பத்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களே வழிகாட்டும் நடைகள் புஹோமா பக்கம் உண்டு. மதியம் நேரம் இருந்தால் போய், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். இந்த ஒரு விதிக்காக எவ்வளவு பணம் போனாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன். மரபணுவில் நமக்கு மிக நெருங்கிய அவற்றுக்கு நம் நோய்கள் தொற்றும், எதிர்ப்புச் சக்தி கிடையாது. 1996இல் பிவிண்டி கொரில்லாக்களுக்கு மனிதர்களிடமிருந்து சொறி தொற்றி ஒரு குட்டி இறந்தது. அதை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா பிறகு தொடங்கிய அமைப்பு, கொரில்லாக்களின் நலத்தையும் சுற்றியுள்ள கிராமத்தினரின் நலத்தையும் சேர்த்தே கவனிக்கிறது. முகக்கவசமும் பத்து மீட்டர் இடைவெளியும் இதற்காகத்தான். குட்டி ஒன்று தானாக நெருங்கி வந்தால் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும்.

குடும்பத் தலைவனான முதுகு வெளுத்த ஆண் சீறிக்கொண்டு ஓடி வந்தால் ஓடாதீர்கள். குனிந்து, கண்ணைப் பார்க்காமல், ரேஞ்சர் சொல்வதைச் செய்யுங்கள். பெரும்பாலும் அது வெறும் எச்சரிக்கை. அவற்றின் முன் சாப்பிடக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. அவசரமென்றால் ரேஞ்சரிடம் சொன்னால் ஆழக் குழி தோண்டித் தருவார். ஒரு மணி நேரம் சிட்டாகப் பறந்துவிடும். முதல் பத்து நிமிடம் கேமராவைக் கழுத்திலேயே தொங்கவிட்டு, கண்ணால் மட்டும் பாருங்கள். அதற்குள் அவை நகரும் விதமும் பிடிபடும், பிறகு எடுக்கும் படங்களும் நன்றாக வரும். இறங்கியதும் ரேஞ்சர்கள், தேடுநர்கள், போர்ட்டர் மூவருக்கும் அன்பளிப்பு கொடுக்கச் சில்லறை வைத்திருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு

மலேரியா மாத்திரையைக் காடு முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். வகையைப் பொறுத்துத் திரும்பியபின் ஏழு நாளோ நான்கு வாரமோ தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று விடாமல் மருத்துவரிடம் உகாண்டா போய் வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழை பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த ஆப்பிரிக்கப் பயணத்துக்கும் அதே சான்றிதழ் போதும்.